கழற்றி வைத்த லிங்க்

“நீ ஒரு ஃபீடரை ஆஃப் பண்ணா இந்தியா கிரிட்டே பொழைச்சிக்குமா? இன்னாம்மா கதை வுடுற?”

ஆவடிப் பக்கத்து சப்ஸ்டேஷனில் உதவிப் பொறியாளராக நான் சேர்ந்த வாரம், ஆபரேட்டர் செல்வம் இப்படிக் கேட்டுச் சிரித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். படித்ததைக் கதை என்றால் எனக்குப் பொறுக்காது.

நாட்டின் ஜெனரேட்டர்கள் எல்லாம் கிரிட் என்ற வலையில் இணைந்து ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. அந்தத் தாளம்தான் ஃப்ரீக்வென்சி, ஐம்பது ஹெர்ட்ஸ். உற்பத்தியைவிட லோடு கூடினால் அது இறங்கும். மேலும் இறங்கினால் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக விலகும். எல்லா ஊரும் இருளும். அதைத் தடுக்கத்தான் யு.எஃப்.ஆர் என்ற ரிலே. ஃப்ரீக்வென்சி இறங்கியதும், குறித்து வைத்த ஃபீடர்களை, அதாவது ஊர்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் லைன்களை, அதுவே வெட்டிவிடும். ஆளுக்குக் கொஞ்சம் இழந்தால் எல்லோரும் தப்பலாம்.

எங்களிடம் அப்படிக் குறித்தவை இரண்டு. ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பு ஃபீடர். மற்றது என் வீடு இருக்கும் முத்தாபுதுப்பேட்டை ஃபீடர். ரிலேயை டெஸ்ட் செய்தபோது எங்கள் ஊர் லைனை வெட்டும் பிரேக்கர் படாரென்று திறந்தது. அடுக்குமாடி பிரேக்கர் அசையவே இல்லை. பேனலின் பின்னால் போய்ப் பார்த்தேன். பிரேக்கருக்கு உத்தரவு போகும் டிரிப் லிங்க்கையே கழற்றி வைத்திருந்தார்கள்.

“அது எப்பவும் அப்டித்தான் கீது. அங்க கரண்ட் போனா ஃபோன் மேல ஃபோன். உங்க ஊர்ல யார் கேக்கப் போறா?” என்றார் செல்வம்.

“நான் கேக்குறேன்ணா.”

மேலதிகாரியிடம் சொன்னேன். “டெஸ்ட் ஓகேன்னு போட்டுடும்மா. உனக்குப் புரொபேஷன் முடியணும்ல?” என்றார்.

கொதித்தது. எங்கள் தெரு மட்டும் வெந்து கிடக்க வேண்டுமா? ஒவ்வொரு சப்ஸ்டேஷனிலும் இப்படிக் கழற்றி வைத்தால் கிரிட்டை எது தாங்கும்? ஸ்க்ரூடிரைவரை எடுத்து நானே லிங்க்கை மாட்டினேன். அதன் பிறகுதான் ஓகே போட்டேன்.

ஒரு மதியம் ஃப்ரீக்வென்சி சரிந்தது. இரண்டு ஃபீடரும் சேர்ந்து விழுந்தன. சற்று நேரத்தில் ஃப்ரீக்வென்சி மேலே ஏறியது. அதற்குள் அடுக்குமாடியிலிருந்து ஃபோன்.

“மேடம், மீட்டிங்ல இருக்கேன், ஏசி நின்னுடுச்சு! எங்க லைன்ல போகவே போகாதே?”

“இனிமே போகும் சார்.”

அடுத்து மேலதிகாரி. “லிங்க்கை மாட்டுனது யாரு?”

“நான்தான் சார். கழட்டச் சொன்னது யாருன்னு சொல்லுங்க. ரெண்டையும் சேர்த்தே ரிப்போர்ட்ல எழுதிடறேன்.”

ஃபோனை வைத்துவிட்டார்.

எழுதி, தலைமை அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டேன். புரொபேஷன் இன்னும் முடியவில்லை. அம்பத்தூர் சப்ஸ்டேஷன் ரிலேயையும் நானே டெஸ்ட் செய்கிறேன் என்று அங்கேயே கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டேன். டெஸ்ட் கிட் ஜீப்பில் ஏறிவிட்டது. முன் சீட்டில் செல்வம், ஸ்க்ரூடிரைவரோடு.