எங்கே போகிறாய் என்று கேட்காத சனிக்கிழமை

சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்கிறீர்களா? பிறகு போலீஸ் நிலையத்தில் அதையே நான்கு முறை சொல்ல வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள். நான் ஸ்டூலில் ஏறி, முன்பக்க ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். வானொலியில் இரண்டு மணிச் செய்தி அப்போதுதான் முடிந்தது. முதுகுக்குப் பின்னால் என் மகள் கவிதாவின் குரல்.

"அப்பா, போய்ட்டு வரேன்."

"ம்."

பதினான்கு வயது மகளுக்கும் அப்பாவுக்கும் நடந்த உரையாடல் அவ்வளவுதான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் கண்ணாடி.

எங்கே என்று ஏன் கேட்கவில்லை? உங்களுக்குத் தெரியாததா... வெளியே கிளம்புகிறவரை வாசலில் வைத்து "எங்கே போறே?" என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. எங்கள் வீட்டில் கேட்க மாட்டோம். உங்களில் பலர் வீட்டிலும் கேட்க மாட்டார்கள். அலோர் காஜாவில் அரசாங்க அலுவலகக் கிளார்க் நான். ஃபாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்புகிறவன். என் மகள் விஷயத்தில் மட்டும் அந்தக் கட்டத்தை நானே நிரப்பிக்கொண்டேன் – பின் தெருவில் தோழி வீடு.

நான்கு மணிக்கு மழை பிடித்தது. இந்த மாதத்து மழை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. பின் தெருவுக்குக் குடையோடு போனேன். தோழி வந்து கதவைத் திறந்தாள்.

"கவிதாவா? இங்க வரலையே அங்கிள்."

டியூஷன் சென்டர் பூட்டிக் கிடந்தது. நூலகமும் பூட்டு. பஸ் ஸ்டாண்டில் நனைந்துகொண்டு நின்றவர்களின் முகத்தையெல்லாம் பார்த்தேன். சிலர் முறைத்தார்கள்.

திரும்பும் வழியில் எங்கள் தெரு ஓரத்து லோங்காங் சாக்கடையில் தண்ணீர் ரோட்டு மட்டத்துக்கு ஏறியிருந்தது. அதில் ஒரு செருப்பு மிதந்து போனது. நீலப் பட்டை. கவிதாவுக்கு நீலப் பட்டைச் செருப்பு இருக்கிறதா? யோசித்தேன். தெரியவில்லை. தண்ணீரோடு கூடவே ஓடினேன். அது கல்வெர்ட்டுக்கு அடியில் போய் மறைந்துவிட்டது.

அங்கேயே மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். இருட்டாக இருந்தது. என்ன தேடினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

போலீஸ் நிலையத்தில் இளம் கான்ஸ்டபிள் 'என்சிக்' என்று மரியாதையாகத்தான் கேட்டார். பெயர், வயது, எத்தனை மணி. எல்லாம் சொன்னேன். என்ன நிற உடை என்றார்.

தெரியவில்லை என்றேன்.

"பாவாடையா, சிலுவாரா, என்சிக்?"

பாவாடையா காற்சட்டையா, அதுவும் தெரியவில்லை. வாரா வாரம் அடுத்த வீட்டுக்காரர் முகச்சுளிப்பைக்கூடக் கவனித்து உங்களுக்கு எழுதுகிறவன் நான். பெற்ற மகள் என்ன உடுத்திக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள் என்று தெரியவில்லை. கான்ஸ்டபிள் ஃபாரத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். சின்னக் கோடு. இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா காக் தீமா என் வரவேற்பறையில், டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் குடையோடு ஓடுவதைப் பார்த்தவர், "நீ போய்த் தேடு. போன் வந்தா நான் எடுக்கிறேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு அப்போதே வந்து உட்கார்ந்தவர். கழற்றிய கண்ணாடிப் பட்டைகளையெல்லாம் திரும்ப மாட்டி வைத்திருந்தார். இல்லையென்றால் மழை வீட்டுக்குள் வந்திருக்கும். "சபார்... பொறுமை" என்றார்.

அவரைப் பார்த்ததும்தான் போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் இதே இடத்தில் நான் எழுதியது நினைவுக்கு வந்தது. காசில்லாமல் தீபாவளிக்கு உதவுவது எப்படி என்று எழுதினேனே... ஓவர்டைம் பார்க்கிற தாயின் குழந்தையை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவருக்கு வாழ்த்து அட்டையில் முகவரி எழுதிக் கொடுங்கள். உதாரணத்துக்கு ஓர் அக்காவையும் காட்டியிருந்தேன். நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுக்காரர். தனி ஆள். பால் மரம் வெட்டப் போன இடத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. முறுக்கு அச்சைப் பிடிக்க அவருக்குக் கை இல்லை, இப்படி ஒருவர் உங்களுக்கும் தெரிந்திருப்பார், ஒரு பிற்பகல் போய்ப் பிழிந்து கொடுத்துவிட்டு வாருங்கள் – என்று அழகாக முடித்திருந்தேன்.

நான் போனேனா? பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். எழுத மட்டும் நேரமிருந்தது.

ஆறு மணி. ஆறே கால். ஆயர் குரோவில் ஓவர்டைம் முடிந்து என் மனைவி சரசுவின் ஃபேக்டரி பஸ் ஏழரைக்குத் தெரு முனையில் நிற்கும். இறங்கியதும் என்ன கேட்பாள்? "எங்க போறேன்னு கேக்கலயா?" என்றுதான் கேட்பாள். அந்த ஒரு கேள்விக்கு ஒரு பதில் தேடினேன். மழை தூறலாகக் குறைந்ததும், ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் எழுந்து கேட் வரை போனேன். ஒவ்வொன்றும் கடந்து போனது.

இன்று செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கூரையில் தூறல் விழுந்தால் இன்னமும் எழுந்துபோய் அவள் அறையை எட்டிப் பார்க்கிறேன். உதவச் சொன்னதை நான் வாபஸ் வாங்கவில்லை. போங்கள், செய்யுங்கள். ஆனால் போகிற இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். வாசலில் கேட்கக் கூடாதென்றால், வாசலுக்கு வருவதற்கு முன்பே, சாப்பாட்டு மேசையில் கேட்டுத் தொலையுங்கள்.

அன்று ஏழுக்குப் பத்து நிமிடம் இருந்தபோது கேட் கிறீச்சிட்டது.

ஒரே குடைக்குள் இரண்டு பேர். கவிதா – முழங்கால் வரை செம்மண், கையில் பிஸ்கட் டின். மஞ்சள் சட்டை. மஞ்சள்! அவள் பக்கத்தில், மாவுக்கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, பாக்கியம் அக்கா. நான் எழுதிய அதே அக்கா.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"தோட்டத்து ரோட்ல மரம் விழுந்துருச்சுப்பா. பஸ் உள்ள வரல. மெயின் ரோடு வரைக்கும் ரெண்டு மைல் நடந்தே வந்தோம். தோட்டத்து ஆபீஸ் பூட்டிட்டாங்க, போன் பண்ண முடியல."

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"சொன்னா தனியா பஸ்ல விடமாட்டீங்க. வாசல்ல நீங்கதான் கேக்க மாட்டீங்களே."

கை ஓங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். பாக்கியம் அக்கா நடுவில் வந்து நின்றார்.

"புள்ளய ஏசாத தம்பி. மூணு படி மாவும் அவதான் புழிஞ்சா. மொதல் நாலு முறுக்கு என்னமோ பாம்பு மாதிரி வந்துச்சு, அப்புறம் சரியாயிட்டா."

"ஏன்க்கா, இந்தக் கையோட இவ்ளோ தூரம் நீங்க எதுக்கு..."

"நல்லா இருக்கு நீ பேசுறது. இருட்டுற நேரத்துல வயசுப் பொண்ணத் தனியா அனுப்பச் சொல்றியா?"

உள்ளே காக் தீமா போலீசுக்கு போன் பண்ணிக்கொண்டிருந்தார். கவிதா டின்னை என் மடியில் வைத்தாள். இன்னும் சூடு இருந்தது. பாக்கியம் அக்கா நல்ல கையால் முந்தானையைப் பிழிந்துகொண்டே, கோபமில்லாமல்தான் சொன்னார்:

"பக்கத்து வீட்டுப் பொண்ணு ஞாயித்துக்கிழமையே பேப்பரப் படிச்சுக் காட்டுனா, தம்பி. என்னப் பத்தித்தான் நீ எழுதியிருக்கேன்னு தெரிஞ்சுருச்சு. நீ வருவேன்னுதான் மறுநாளே மாவு அரைச்சு வெச்சேன்."