எங்கங்க போறீங்க?

பூனாகலைத் தோட்டத்துக் கங்காணியோடு சண்டை போட்டுவிட்டு நடந்தே அப்புத்தளைக்கு வந்தேன். கடைத்தெருவில் ஒரு லொறியிலிருந்து கருவாட்டு வாடை வந்தது. சிறுவயதில் அம்மாவோடு பிழைக்கப் போன கடற்கரை ஊர் ஞாபகத்துக்கு வந்தது.

அங்கே கரைவலை இழுத்தவர்களுக்கு ஆளுக்கொரு கை மீன் கிடைக்கும். அதை வைத்துத்தான் ஊரே சாப்பிட்டது. ஒருநாள் காலையில் வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரனான சம்மாட்டி கடலுக்குக் கிளம்பினான். அம்மா தோட்டத்து லயத்துப் பழக்கத்தில், மரியாதையாக, "எங்கங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

கடலுக்குப் போகிறவனை அப்படிக் கேட்டால் வலையில் மீன் படாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. அன்று வலை வெறுமையாக வந்தது.

"மலையால வந்த மூதேவி! உன்ர வாயால தொழில் நாசம்!" என்று அவன் அம்மாவின் அடுப்பை உதைத்தான். பிறகு அவள் கூடையில் யாரும் ஒரு மீன்கூடப் போடவில்லை. பசியோடுதான் மலை ஏறினோம்.

இப்போது லொறிக்குப் பக்கத்தில் நின்றவன் அதே சம்மாட்டி. தலை நரைத்திருந்தது. அவனுக்கு என்னைத் தெரியவில்லை.

"இவரு அடிக்கடி வருவாருங்களா?" என்று கருவாடு இறக்கிய கடையின் முதலாளியிடம் கேட்டேன்.

"வாரம் தவறாம வருவாரு."

"மூட்டை தூக்க ஆள் வேணுங்களா?"

மறுநாள் காலை வேலைக்குச் சேர்ந்தேன். சம்மாட்டி வலை போட ஊருக்குத் திரும்ப லொறியில் ஏறினான். தோளில் மூட்டையோடு போய், அம்மாவைப் போலவே மரியாதையாகக் கேட்டேன்.

"எங்கங்க போறீங்க?"

அவன் முகம் வெளுத்தது.

"அடுத்த வாரமும் இங்கதாங்க இருப்பேன்" என்றேன்.