காலையில் மட்டும் தவறிய அளவு

மஞ்சூரில் பனி விலகாத ஒரு காலை. தகரக் கொட்டகைக்குள் என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், இடது உள்ளங்கையில் கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் செய்த ஒரு புஷ்ஷை வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டு நின்றார். புஷ் என்பது பெரிய சமாச்சாரமில்லை. சுழலும் தண்டு தேய்ந்து போகாமலிருக்க அதன் மேல் மாட்டுகிற உலோக வளையம், அவ்வளவுதான். ஆனால் அளவு மயிரிழை பிசகினாலும் அது குப்பை. அன்றைக்குக் கம்ப்யூட்டர் திரை காட்டிய அளவு சரியாக இருந்தது. லேத் என்னும் கடைசல் மிஷின் கொடுத்த வளையத்தின் அளவு தப்பாக இருந்தது. முந்தின நாள் மத்தியானம் அதே லேத், அதே புரோகிராம், சொன்ன அளவுக்குச் சொன்னபடி கடைந்து தள்ளியிருந்தது.

"ஏம்புள்ள, உன் கம்ப்யூட்டரு தூங்கி எந்திரிச்சா கணக்கெல்லாம் மறந்துருதா?" என்றார்.

"என் கம்ப்யூட்டருக்கு ஒரு கேடும் இல்லீங்க. மொதல்ல உங்க இரும்பப் பாருங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அத்தானிடம் அது இன்னும் நீளும். மச்சினிக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

அத்தான் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். எந்த மிஷின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பஜாரில் மிக்சி ரிப்பேர் என்றால்கூட, கடையில் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். ஒருநாள் உருளையில் சிக்கி வலது கையில் இரண்டு விரல்கள் போயின. காயம் ஆறியதும் கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாது, வேலையைவிட்டு அனுப்பாமல் வைத்துக்கொண்டார்களே. ஆனால் அத்தானுக்கு அது வேலையே இல்லை. "சும்மா நிக்கிறதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு விசிலு" என்று சொல்வார். வலது கையை ஸ்வெட்டர் பைக்குள் விட்டவர் அப்புறம் வெளியே எடுக்கவே இல்லை. இடது கையாலேயே சாப்பிட்டார். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, மறுபடியும் கடைசல் வேலை செய்ய வேண்டும். லேத்தின் கைப்பிடியை இனிப் பிடித்துச் சுற்ற முடியாது என்று அவரே முடிவு கட்டியிருந்தார்.

நான் அப்போது ஊட்டியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். இணையத்தில் எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பது என் வியாதி. அப்படி ஒருநாள் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. யாரோ ஒருவர் தன் வீட்டுக் கார் ஷெட்டில் சின்ன லேத் ஒன்றுக்கு மோட்டார்கள் மாட்டி, காசு கொடுக்காமல் கிடைக்கும் ஒரு மென்பொருளால் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். சும்மா வேடிக்கைக்குத்தான் அத்தானிடம் காட்டினேன். அவர் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். காப்பி ஆறிப்போனது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல கைப்பிடிய யாரு சுத்துறாங்க அம்மிணி?"

"யாரும் இல்லீங்க. மோட்டார்தான்."

பிறகு என்ன! கோயமுத்தூர்ப் பழைய இரும்புக் கடையில் ஒரு மேஜை லேத் பிடித்தார். கேரட் மூட்டை இறக்கிவிட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து காலியாகத் திரும்பிய லாரியில் அது மலையேறி வந்தது. வந்த அன்றைக்கே கைப்பிடிகளைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில், ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு படி நகர்கிற ஸ்டெப்பர் மோட்டார்களை மாட்டினார். கம்ப்யூட்டர் என் பங்கு. அந்த மென்பொருள் மோட்டாரோடு பேச, அந்தக் காலத்துப் பிரிண்டர் மாட்டுகிற அகலமான துளை வேண்டும். அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்காகக் கடை கடையாக அலைந்தேன். "புதுசாக் குடுத்தா வேண்டாங்கறீங்க, இந்த ஓட்ட டப்பாதான் வேணுமா?" என்று கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கட்டற்ற மென்பொருள் என்று லேப்பில் பாடமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதன் ருசி தெரிந்தது அந்தக் கொட்டகையில்தான். எந்த மோட்டார் எவ்வளவு வேகம், எந்த ஸ்விட்ச் எதை நிறுத்தும் என எல்லாமே சாதாரண எழுத்தாக ஒரு கோப்பில் கிடந்தன. திறந்து படிக்கலாம், மாற்றலாம், கெடுக்கலாம், மறுபடி சரிசெய்யலாம். நான் வரி வரியாகப் படித்துத் தமிழில் சொல்வேன். அத்தான் ஒவ்வொரு வரிக்கும் "அது எதுக்கு?" என்பார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாததைத் தேடிப் படிப்போம். ஒருமுறை அவர், "கால எடுத்தா எல்லாம் நின்னுரணும், அப்படிச் செய்ய முடியுமா?" என்று கேட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அக்காவின் தையல் மிஷினுக்கு வாங்கிய மின்சாரப் பெடலைக் கழற்றிவந்து இணைத்தோம், கோப்பில் சில வரிகள் சேர்த்தோம். பெடலை மிதித்திருக்கும்வரை லேத் ஓடும், காலை எடுத்த நொடியில் நிற்கும். அக்கா பழையபடி காலாலேயே மிஷினை மிதித்துத் தைக்க வேண்டியதாயிற்று. "ஏனுங்க, உங்க ஆராய்ச்சிக்கு என் பெடலுதான் கெடச்சுதா? அவ சொன்னான்னு நாளைக்கு என் குக்கரையும் கழட்டுவீங்க" என்று இருவரையும் சேர்த்துத் திட்டினாள்.

லீவு நாள் மத்தியானங்களில் சின்னச் சின்ன வேலைகள் செய்துபார்த்தோம். அப்போதுதான் பக்கத்து ஊரான இத்தலாரிலிருந்து கவுடர் ஒருவர் வந்தார். அவருடைய கேரட் கழுவும் மிஷினில் புஷ்கள் தேய்ந்து, உருளை ஆடிக்கொண்டிருந்தது. அறுவடை நேரம். மண்ணோடு கேரட்டை மார்க்கெட்டுக்கு அனுப்ப முடியாது. கோயமுத்தூர் போனால் நாள் பிடிக்கும். "இங்கயே செஞ்சு குடுத்தா எங்கூரு மிஷின் எல்லாத்துக்கும் உங்கிட்டயே வர்றோம் தம்பி. நாளான்னிக்கு வர்றேன், ஆகலன்னா கீழ போயிக்கிறேன்" என்று மாதிரிக்குத் தண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தானுக்கு முகமெல்லாம் வெளிச்சம். முதல் புஷ்ஷை அன்று மத்தியானமே அழகாகக் கடைந்தார். மறுநாள் காலை கடைந்ததுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன புஷ். அடுத்ததும் தப்பு, அதற்கடுத்ததும் தப்பு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான தப்பு. அதுதான் எரிச்சல். ஒரே மாதிரி தப்பினாலாவது கணக்குப் போட்டுச் சரிசெய்யலாம்.

"இதுவும் நமக்கில்ல போல. இது ஆகலன்னா வித்துரலாம் புள்ள" என்றார் அத்தான். குரலில் கோபம் இல்லை. விற்றால் அந்தக் கை ஸ்வெட்டர் பையைவிட்டு வெளியே வரவே வராது என்று எனக்குத் தெரியும்.

லீவு சொல்லிவிட்டுத் துப்பறிய உட்கார்ந்தேன். முதல் சந்தேகம் என் கம்ப்யூட்டர் மேலேயேதான். மோட்டாருக்கு அது தவறாமல் துடிப்புகளை அனுப்ப வேண்டும்; இடையில் கவனம் சிதறினால் மோட்டார் தடுமாறும். நான் வேலை செய்யும்போது அதிலேயே பாட்டுப் போடுகிற ஆள். பாட்டை நிறுத்தினேன், சோதனை ஓட்டினேன், குற்றமில்லை. அடுத்தது கரண்ட். காலையில் ஊரே ஹீட்டர் போடுகிறது, வோல்டேஜ் இறங்கியிருக்குமோ? அத்தான் மீட்டர் வைத்துப் பார்த்தார், இறங்கவில்லை. ஒயரில் பனி ஈரமோ என்று அக்காவின் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் பிடித்துச் சூடு காட்டினோம். அதற்கும் திட்டு வாங்கியதுதான் மிச்சம். கடைசியாக அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசும் இணைய மன்றத்தில் எங்கள் கதையை எழுதிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு குளிர் தேசத்திலிருந்து ஒருவர் பதில் போட்டார். வந்தது ஒரு கேள்விதான்: மோட்டாரைக் கழற்றிவிட்டு, உளியை நகர்த்தும் ஸ்க்ரூவைக் கையால் சுற்றிப் பார்த்தீர்களா?

படித்துச் சொன்னேன். கையால் சுற்ற வேண்டாம் என்றுதானே இந்தப் பாடு!

மோட்டாரை நானே கழற்றினேன். "நான் சுத்திப் பாக்கறேனுங்க" என்று ஸ்க்ரூவின் நுனியைப் பிடித்தேன். சுற்றியது. இறுக்கமா, இதுதான் இயல்பா, எனக்கு எப்படித் தெரியும்? அத்தான் இடது கையால் சுற்றினார். உதட்டைப் பிதுக்கினார். "இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியாது புள்ள. இத்தன வருசம் கடைஞ்சது இது இல்லையே" என்றார். பிறகு ஸ்வெட்டர் பையிலிருந்து வலது கையை எடுத்தார். விபத்துக்குப் பிறகு அதை நான் பார்த்தது அப்போதுதான். நான் பயந்திருந்த அளவுக்கு ஒன்றுமில்லை. மூன்று விரல் உள்ள ஒரு கை, அவ்வளவுதான். ஸ்க்ரூவின் நுனியைப் பிடித்து மெல்லச் சுற்றினார். நிறுத்தினார். திருப்பிச் சுற்றினார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அட, கிரீஸு! நம்ம ஃபேக்டரி கிரீஸு!"

எங்கள் எஸ்டேட் பக்கத்து வீடுகளில் ஃபேக்டரி கிரீஸ் ஒரு டப்பா இல்லாமல் இருக்காது. கதவுக் கீல், சைக்கிள் செயின், தண்ணீர் மோட்டார், எது கிறீச்சிட்டாலும் அதில் ஒரு விரல் எடுத்துத் தடவுவோம். லேத் வந்ததும் அத்தானும் யோசிக்காமல் அதைத்தான் அப்பியிருந்தார். அது நாளெல்லாம் சூட்டில் ஓடும் பெரிய உருளைகளுக்கானது. எங்கள் குளிரில், விடியற்காலையில், நெய் மாதிரி உறைந்துபோகும். சின்ன மோட்டார் இழுத்துப் பார்த்து, முடியாமல் இரண்டு படி சறுக்கும். சறுக்கியதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல யாரும் இல்லை. அது தான் சொன்னபடி நடந்துவிட்டது என்று நம்பித் திரையில் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். மத்தியானம் தகரக் கூரை சூடானதும் கிரீஸ் இளகும், எல்லாம் சரியாகிவிடும். கைப்பிடி இருந்த லேத்தாக இருந்தால் முதல் சுற்றிலேயே அத்தான் கண்டுபிடித்திருப்பார்.

கிரீஸை வழித்தெடுத்தோம். மண்ணெண்ணெயில் கழுவி, அக்காவின் தையல் மிஷின் எண்ணெயை விட்டோம். கேட்காமலேதான் எடுத்தோம். நான் கோப்பில் மோட்டார் வேகமெடுக்கும் அளவைக் கொஞ்சம் குறைத்தேன். "எந்த வரி, காட்டு" என்று அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். மறுநாள் காலை குளிர் இன்னும் அதிகம், புல்லெல்லாம் வெள்ளை. அத்தான் பெடலை மிதித்தார். கடைந்து வந்ததை அளந்தேன். திரையில் என்ன இருந்ததோ அதுவே கையில் இருந்தது. நான் போட்ட கூச்சலில் அக்கா அடுப்பை விட்டு ஓடிவந்தாள்.

இன்றைக்கு நான் வேலை பார்க்கும் கல்லூரிப் பட்டறையில் பெரிய கம்பெனி மிஷின் ஒன்று நிற்கிறது. பளபளப்பாக இருக்கிறது. ஏதாவது தப்பினால் திரையில் ஒரு எண் வரும், அந்த எண்ணைச் சொல்லிப் போன் போட வேண்டும், ஆள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வழியில்லை. எனக்குக் கை அரிக்கும். அப்போதெல்லாம் மஞ்சூர்க் கொட்டகைதான் நினைவுக்கு வரும். அத்தான் இன்றும் அங்கேதான் இருக்கிறார், இத்தலார்க்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு.

புஷ் சரியாக வந்த அந்தக் காலையில், கவுடர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். தண்டின் மேல் புஷ்ஷை மாட்டி, காதோரம் வைத்துச் சுற்றிப் பார்த்தார். ஆட்டமில்லை, சத்தமில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். திரையையும் ஒயர்களையும் பார்த்து அசந்துபோய், "எல்லாம் கம்ப்யூட்டரே செஞ்சிருச்சா தம்பி?" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மென்பொருளைப் பற்றி விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தான் மீதிப் புஷ்களை மூன்று விரலால் அள்ளி அவரிடம் நீட்டினார்.

"இல்லீங்க. நாந்தான் கடைஞ்சேன்" என்றார்.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.