நாயிடம் சொன்னது

மீட்டர்காரர் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாராம், வெறும் சங்கிலியோடு திரும்பி வந்தாராம். மருந்துக்கடைக்கார அம்மா தன் கண்ணால் பார்த்தாளா, அல்லது அவளிடமும் யாரோ சொன்னார்களா என்பது தெரியாது. அவள் சித்தியிடம் சொன்னாள். சித்தி வாயில் எதுவும் தங்காது. உடனே கடல் தாண்டி இருக்கும் அக்கா மகளுக்கு ஃபோன் போட்டுவிட்டாள்.

"எனக்கென்னடி தெரியும்? காதுல விழுந்ததைச் சொல்றேன். உங்கப்பா சங்கிலியைச் சுருட்டி மடியில வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தாராம். ரெண்டு பஸ் வந்து போச்சாம். ஏறவே இல்லையாம்."

"துரை எங்க சித்தி?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்! பண்ணை வச்சிருக்கிற யாருக்கோ குடுத்துட்டாருன்னு ஒரு பேச்சு. உங்கிட்ட வர்றதுக்கு மூட்டை கட்டுறாரோ என்னமோ. நீதானே வருஷக்கணக்கா கூப்பிட்டுக்கிட்டு இருந்தே? இப்ப ஏன் குரல் இப்படிப் போகுது?"

குரல் போனதற்குக் காரணம் இருந்தது. அதைச் சித்தியிடம் சொல்ல முடியாது. சொன்னால் அது மருந்துக்கடை வரைக்கும் போகும்.

மகளுக்குப் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை. மதிய இடைவேளையில் கை கழுவாமல் படிக்கட்டுக்கு ஓடிவந்து ஃபோனை எடுத்திருந்தாள். திரையெல்லாம் பல் அச்சு எடுக்கும் வெள்ளை மாவுப் பொடி. சித்தி வைத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

துரை சின்ன நாயில்லை. பின்னங்காலில் நின்றால் முன்னங்கால் இரண்டையும் அப்பாவின் தோளில் போட்டுவிடும். அந்த நாயை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்ததே ஒரு கதை. ஏனென்றால் அவரைப் போல நாய்க்குப் பயப்படுகிறவர் அந்தத் தெருக்களில் வேறு யாரும் கிடையாது.

முப்பத்தொரு வருஷம் தண்ணீர் மீட்டர் பார்த்தவர் அப்பா. கையில் இரும்பு மூடியைத் தூக்கும் கொக்கி, கண்ணாடியில் படிந்த சேற்றைத் துடைக்க ஒரு பழைய பிரஷ், சட்டைப்பையில் டார்ச். ஒரு நாளைக்கு எண்பது வீடு. வேலையில் மூன்று முறை நாய் கடித்திருக்கிறது. ஒன்று கெண்டைக்காலில், ஒன்று மணிக்கட்டில். மூன்றாவது எங்கே என்று அவர் சொல்ல மாட்டார். அம்மா எல்லாரிடமும் சொல்லிவிடுவாள். மீட்டர் புத்தகத்தின் ஓரத்தில் அவருக்கென்று தனிக் குறிப்பு உண்டு: "குரைக்கும், கடிக்காது." "குரைக்காது, கடிக்கும்." ஒரு வீட்டுக்கு நேராக, "நாய் பரவாயில்லை, வீட்டுக்காரர் மோசம்."

அப்போது மகளுக்குப் பதினாறு வயது. ஒரு மாதம் பச்சை கேட் போட்ட மூலைவீட்டில் மூடியைத் தூக்கிப் பார்த்தால், போன மாதம் எழுதிய அதே எண். ஒரு யூனிட் நகரவில்லை. தண்ணீர் ஓடாத வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். ஆனால் பின்பக்கம் நாய் குரைக்கிறது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு கிழவர் எட்டிப் பார்த்து, "நீங்க வந்துட்டுப் போன மறுநாளே காலி பண்ணிட்டாங்க. கட்டிப்போட்டுட்டுப் போயிட்டாங்க. நான்தான் மேலருந்து ரொட்டி போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அப்பா புத்தகத்தின் குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: "வீடு பூட்டியிருக்கிறது. நாய் உள்ளே." அந்தக் கட்டம் நாய்க்கு உரியதல்ல என்று அலுவலகத்தில் திட்டினார்கள். சாயங்காலம் அவரே போனார். எப்படிச் சுவர் ஏறினார், எப்படிக் கயிற்றை அவிழ்த்தார், யார் யாரைக் கண்டு அதிகம் நடுங்கினார்கள் என்பதெல்லாம் கடைசி வரை வெளியில் வரவில்லை. எலும்பும் தோலுமான ஒரு பெரிய உருவத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"மீட்டர் பாக்கப் போன மனுஷன் கன்னுக்குட்டியோட வர்றாரே" என்றாள் அம்மா.

"ரெண்டு நாள்தான். யாராவது வாங்கிப்பாங்க."

"யாரு, கன்னுக்குட்டிக்காரனா?"

வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருந்தது. அம்மணி. அம்மா பேக்கரியில் பெட்டி கட்டுகிற வேலை பார்த்தாள். அவள் வேலைச் சட்டைப்பையிலிருந்து தொங்கும் பெட்டி கட்டும் நூலைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் கூடவே வந்துவிட்ட குட்டி அது. முதல் நாளே அம்மணி நாயின் மூக்கில் ஓர் அறை விட்டது. அதோடு அந்த வீட்டில் யார் பெரியவர் என்பது முடிவாகிவிட்டது. சமையலறைக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒற்றையாள் போகிற இடைவழி. அம்மணி அதன் குறுக்கே படுத்துக்கொள்ளும். துரை இந்தப் பக்கம் நின்று முனகும். அரை கிலோகூடத் தேறாத அந்த வாலைத் தாண்டுகிற தைரியம் அதற்கு வரவே இல்லை. யாராவது வந்து பூனையைத் தூக்க வேண்டும்.

காலை ஒன்பது மணி வரை தூங்கியதால் அதற்குத் துரை என்று பெயர் வந்தது. "துரை எழுந்தாச்சா?" என்று அம்மா கேட்டால் அது நாய்க்கா, மகளுக்கா என்று தெரியாது. சாப்பிடும்போது மேசைக்கு அடியில் படுக்கும், திடீரென்று எழுந்தால் மேசையும் எழும். நாலு டம்ளரும் ஒரே பக்கம் சரியும். மழை நாளில் வீடே ஈரக் கம்பளி நாற்றம் அடிக்கும். அம்மா ஜன்னலைத் திறப்பாள். அம்மணி குளிர்கிறது என்று கத்தும், அம்மா மூடுவாள்.

"ரெண்டு நாள்" நாலாவது நாள் ஆனபோது அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். ஆனால் சாப்பிடக் கூப்பிட வேண்டுமே? நாயைப் பார்த்துச் சொன்னாள்: "துரை, உன்னைக் கூட்டிட்டு வந்த மகராசன்கிட்ட சொல்லு, சாப்பாடு மேசையில இருக்குன்னு."

அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தாமல், "அம்மணி, உங்க எஜமானிகிட்ட சொல்லு, எனக்குப் பசியில்லைன்னு."

இரண்டில் எதுவும் போய்ச் சொல்லவில்லை. துரை நேராக எழுந்துபோய் மேசையிலிருந்ததைச் சாப்பிட்டுவிட்டது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சண்டை தீர்ந்தது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. முகத்துக்கு நேராகப் பேசியதெல்லாம் சும்மா வாய்ப்பேச்சு. கரண்ட் போச்சு, செருப்பு எங்கே, கதவைச் சாத்து. மனசில் கிடப்பது மட்டும் நாயிடமோ பூனையிடமோ போகும். கணக்கில் மகள் தோற்றதை முதலில் கேட்டது துரைதான். வெளிநாட்டு வேலை கிடைத்ததையும் அதன் காதைச் சொறிந்துகொண்டே அவள் சொன்னாள். அப்பா அடுத்த அறையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பிரஷ் சத்தம் நின்றது. "துரை, போகட்டும்னு சொல்லு. ஆனா வாரம் தவறாம ஃபோன் பண்ணணும்னு சொல்லு" என்றார். அம்மாவுக்கு என்ன வியாதி என்று டாக்டர் சொன்னதை அம்மா அம்மணியிடம்தான் சொன்னாள், பால் ஊற்றிக்கொண்டே. அப்பா வாசற்படியில் கொக்கியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை.

அம்மா போய் இரண்டு வருஷம். அப்பா ஓய்வு பெற்று ஒரு வருஷம். துரைக்குப் பதினொன்று ஆகிறது, இடுப்பு விழுந்துவிட்டது. காலையில் அப்பா துண்டை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கி நிறுத்துவார். மகள் வீடியோவில் அதைப் பார்த்திருக்கிறாள். இவர் குனிகிற மாதிரி குனிந்தால் நாளைக்கு இவரை யார் தூக்கி நிறுத்துவது என்று அவளுக்குப் பயம்.

அந்தப் பயத்தில்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் மறுபடியும் ஆரம்பித்தாள். "அப்பா, விசா ஃபாரம் அனுப்பியிருக்கேன். கையெழுத்துப் போட்டா போதும்."

"பாக்கலாம்மா."

"எத்தனை வருஷமா பாக்கறீங்க?"

"அவசரமா என்ன? இங்க எனக்கு என்ன குறை?"

அந்த நேரம் துரையின் மூக்கு திரை முழுக்க வந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எரிச்சலும் இருந்தது. இரண்டையும் சேர்த்து நாயிடம் சொன்னாள்: "துரை, நீ இருக்கிற வரைக்கும் உங்க ஆளு அந்த வீட்டை விட்டு அசையப் போறதில்லை. எனக்கும் இங்க யாரும் இல்லை. நீயே ஒரு முடிவு சொல்லிடு."

திரையில் மூக்கு அப்படியே நின்றது. அதற்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் மட்டும் வந்தது. "சரிம்மா. சொல்லிட்டேன்."

அப்போதும் அவள் சிரித்தாள். "என்ன சொல்றான்?" என்று கேட்டாள். "யோசிக்கிறான்" என்றார். அதோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

அவள் வேலை பார்க்கும் நாட்டில் எல்லாரும் எல்லாரிடமும் நேராகப் பேசுகிறார்கள். நாயிடம் பேசினால் விளையாட்டு, கொஞ்சல், அவ்வளவுதான். அவளும் அப்படித்தான் ஆகிவிட்டிருந்தாள். அவள் போட்டது ஒரு ஜோக். ஆனால் அந்த வீட்டில் யாரும் நாயிடம் ஜோக் அடித்தது கிடையாது. அப்பாவைப் பொறுத்தவரை, வருஷக்கணக்காக ஃபோனில் நேராகக் கேட்டதெல்லாம் வாய்ப்பேச்சு. அன்றைக்குத்தான் மகள் முதல்முறையாக நிஜமாகக் கேட்டாள்.

சுவர் ஏறிக் குதித்துக் கொண்டுவந்த நாயை, நடக்க முடியாத நாயை, அவளுக்காக வண்டியில் ஏற்றியிருக்கிறார். அவர் வர வேண்டும் என்பது அவளுக்கு இப்போதும் ஆசைதான். இந்த விலைக்கு வேண்டாம். பண்ணையோ வேறெதுவோ, இன்றைக்கே போய் அழைத்துவந்தால் உண்டு. புது இடத்தில் துரையைத் துண்டு கொடுத்துத் தூக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். அங்கே இப்போது சாயங்காலம், வீட்டில்தான் இருப்பார். முழுக்க அடித்து நின்றது. மறுபடியும் போட்டாள். நின்றது.

கூட வேலை பார்ப்பவள் கதவைத் திறந்து, இடைவேளை முடிந்தது என்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். இதோ என்று இவள் கையைக் காட்டினாள்.

என்ன சொல்வது என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். "அப்பா, நான் உங்ககிட்டதான் பேசறேன். உங்ககிட்ட மட்டும். அவனைப் போய்க் கூட்டிட்டு வாங்க." நேராகச் சொன்னால் அவர் நம்புவாரா? செருப்பு எங்கே, கதவைச் சாத்து வரிசையில் இதையும் சேர்த்துவிட்டால்? அம்மணியை ஃபோன் பக்கத்தில் கொண்டுவரச் சொல்ல வேண்டியிருக்குமோ? எப்படிச் சொன்னால் என்ன, முதலில் அவர் எடுக்க வேண்டும்.

மூன்றாவது முறை போட்டாள். காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றாள். மணி போய்க்கொண்டிருந்தது.