ஓவியக் கூடத்தில் எல்யோரின் ரொட்டி

சனோபருக்கு ஒயின் வாசனையே ஆகாது. ஆனாலும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பிழைப்பு புலுங்கூர் ஒயின் ஆலையில்தான். திராட்சை பறித்தாள், பீப்பாய் கழுவினாள். கணவன் போய்ச் சேர்ந்து, இடுப்பும் வளைய மறுத்தபிறகு முதலாளி ஃபைசுல்லா அவளை ஓவியக் கூடத்துக்கு மாற்றினார். கூடத்தைப் பெருக்கித் துடைக்க வேண்டும். வருகிறவர்கள் படங்களில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒயின் ருசிக்க உட்காருகிறவர்களுக்காகக் காலையிலேயே தந்தூர் அடுப்பில் ரொட்டி சுட்டு அடுக்க வேண்டும்.

"ஒரு சொட்டு நாக்குல படாம ஒயின் ஆலையிலயே தலை நரைச்சவ நீ ஒருத்திதாண்டி" என்பாள் பக்கத்து வீட்டு மவ்லூதா.

"குடிச்சுப் பழகியிருந்தா உன் பேச்சையாவது தாங்கியிருப்பேன்."

போன இலையுதிர் காலத்தில் அவளுடைய ஒரே மகன் எல்யோர் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் புறப்பட்டான். வாசலில் நின்று, அவள் சுட்ட ரொட்டியை ஒரு வாய் கடித்துவிட்டு மிச்சத்தை அவள் கையில் கொடுத்தான். பயணம் போகிறவர்களுக்கு ஊர் வழக்கம் அது; மிச்சத்தை அவன்தான் திரும்பி வந்து தின்று தீர்க்க வேண்டும். அதுவரை இன்னொருவர் வாயில் படக்கூடாது, இன்னொருவர் கைக்கும் போகக்கூடாது. வீட்டுச் சுவரில் மழை ஈரம், போதாக்குறைக்கு எலி. ஓவியக் கூடத்திலோ படங்கள் கெடாமலிருக்க ஒரு இயந்திரம் ஓயாமல் காற்றை உலர்த்திக்கொண்டிருந்தது. படத்துக்கு ஆகிற காற்று ரொட்டிக்கும் ஆகும் என்று, தன் நாற்காலிக்கு மேலே ஆணி அடித்து, நூல் வலையில் போட்டு மாட்டிவிட்டாள்.

வசந்தம் வரை எல்யோர் போன் செய்துகொண்டிருந்தான். பிறகு எண்ணே வேலை செய்யவில்லை. அவனோடு போன ஊர்ப் பையன்களில் ஒருவன், "வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க" என்றதோடு சரி. வேலைக்குப் போனவர்களைப் போர்முனைக்கு ஏற்றிவிடுகிறார்களாம் என்று கடைத்தெருவில் பேச்சு. சனோபர் வந்து நின்றால் பேச்சு நின்றுவிடும். அது பேச்சைவிட மோசமாக இருந்தது. ஆகவே அவள் கூடத்திலேயே இருந்தாள். ரொட்டி சுவரில் இருக்கிறவரை அவனும் எங்கோ இருக்கிறான். வேறு பிடிமானம் அவளுக்கு இல்லை.

ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு அந்த ரொட்டிமேல்தான் கண். தோட்டம் சுற்றி, நிலவறை இறங்கி ஏறி, கால் வலியோடு கூடத்துக்கு வருவார்கள். முதலாளி தேடித் தேடிச் சேர்த்த அறுவடைப் படங்களையும் பருத்திக்காட்டுப் பெண்களையும் கொட்டாவியோடு கடந்து, ரொட்டி முன்னால் நின்று படம் எடுப்பார்கள். சுற்றிக் காட்டுகிற ஷோயிரா ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னாள். கேட்டவர்கள் கண்கலங்கி, சனோபரின் கையைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தார்கள். என்னவென்று கேட்காமலே, ஒயின் ருசிக்க நேரமாயிற்று என்று முதலாளி கத்தினார். அதற்கப்புறம் ஷோயிரா, "தாஷ்கண்ட் கலைஞர் ஒருத்தரோட படைப்பு" என்று அவர்கள் மொழியில் சொல்லிக் கடந்துபோகப் பழகினாள். சனோபருக்கு அது புரியவில்லை.

திராட்சை பறிப்பு முடியும் வாரத்தில் ஒரு ஜெர்மன் கூட்டம் வந்தது. அதில் வெள்ளை முடி அம்மாள் ஒருத்தி, ஒயின் வாங்கி விற்கிற பெரிய ஆள். முதலாளியே கூட வந்தார். சனோபர் ருசி மேசையில் கோப்பைகளை அடுக்கிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பியபோது ஆணி மட்டும் இருந்தது.

"ஷோயிரா, என் ரொட்டி எங்கடி?"

ஷோயிராவின் முகம் வெளுத்திருந்தது. "அந்தம்மா பிரமாதம் பிரமாதம்னு மூணு தரம் சொன்னாங்க அக்கா. முதலாளி கழற்றிக் கையில கொடுத்துட்டாரு."

விருந்தாளி ஒன்றைப் புகழ்ந்தால் எடுத்துக் கொடுத்துவிடுவதுதான் முறை. புகழ்ந்த பொருளைக் கொடுக்காத வீட்டைப் பற்றி ஊர் பேசும்.

"உன்னுதுன்னு அவருக்குத் தெரியாது. தாஷ்கண்ட்லேருந்து படங்களோட சேர்ந்து வந்ததுன்னே நெனச்சுட்டிருக்காரு. நான்தான் அப்படிச் சொல்லி…"

சனோபர் மீதியைக் கேட்கவில்லை. ருசி அறைக்குள் போனாள். ஃபைசுல்லா கோப்பையைத் தூக்கிப் பேசிக்கொண்டிருந்தார். ஜெர்மன் அம்மாளின் மடியில் ரொட்டி.

"அண்ணே, அது என் எல்யோர் கடிச்ச ரொட்டி."

ஃபைசுல்லாவின் கோப்பை அந்தரத்தில் நின்றது. முகத்தில் சிரிப்பு மாறாமல், குரலை மட்டும் தாழ்த்தினார். "என்ன காரியம் பண்ணியிருக்க சனோபர்? விருந்தாளி மடியிலிருந்து பிடுங்கச் சொல்றியா? என் மானம் போயிடும். வேற ஒண்ணு கடிச்சு மாட்டிக்க."

"யாரு கடிக்கிறது, அண்ணே?"

ஜெர்மன் அம்மாள் யாரைப் பார்த்துப் புன்னகைப்பது என்று தெரியாமல் விழித்தாள். அப்போது ஷோயிரா குறுக்கே வந்து ஜெர்மனில் ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் மகிழ்ந்துபோய் ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி சனோபரிடமே நீட்டினாள்.

"வழியில உடையாம நீ கட்டித் தருவன்னு சொன்னேன்" என்று ஷோயிரா நடையில் கிசுகிசுத்தாள். "சமையலறையில காய்ஞ்ச ரொட்டி கெடக்குமே, அதுல ஒண்ணைக் கடிச்சுக் கட்டிக் கொடு. சீக்கிரம் அக்கா. வண்டி வந்துடுச்சு."

சூப்பில் போடுவதற்கென்று காயவைத்த ரொட்டிகள் சமையலறைக் கூடையில் இருந்தன. எல்லாம் அவள் சுட்டவை, நடுவில் அவள் மாவில் குத்துகிற முத்திரை. அளவும் நிறமும் ஒத்துப்போகிற ஒன்றைப் பொறுக்கினாள். விளிம்பைச் சூடான தேநீரில் நனைத்தாள். கடித்தாள். கடித்த இடத்தை அடுப்புத் தணலில் காட்டிக் காட்டி உலர்த்தினாள். துணியை விரித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று அப்போது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

"சனோபர்!" நடையிலிருந்து முதலாளியின் குரல். ஓடிப்போய் வாசலில் நின்றாள். "விருந்தாளி முன்னால இனி இப்படி வந்து நின்னே, அவ்வளவுதான்" என்றார். தலையாட்டினாள். அதற்குள் ஷோயிரா தானே ஒரு ரொட்டியைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டி வண்டிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள்.

சமையலறை மேசையில் ஒரு ரொட்டி இருந்தது.

எடுத்தாள். முத்திரையைப் பார்த்தாள், திருப்பினாள், முகர்ந்தாள். தேநீர் வாசனை வருவதுபோல் இருந்தது. ஆனால் தேநீர் அவள் விரலிலேயே இருந்தது. விளிம்பைத் தடவினாள், ஈரமில்லை. ஈரம் போகத்தானே அத்தனை நேரம் தணலில் காட்டினாள்! கடித்த இடத்தின் நடுவே மெல்லிய மேடு ஒன்று, முன்பல் இரண்டுக்கும் இடையில் இருக்கும் சந்தால் வந்தது. எல்யோருக்கு அந்தச் சந்து உண்டு. 'அப்படியே அம்மா வாய்' என்று பிறந்த வீட்டார் சொல்லிச் சிரித்ததும் அவளுக்கு நினைவு வந்தது.

ரொட்டியும் கையுமாக, செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினாள். வண்டி திராட்சைத் தோட்டத்தின் கடைசி வரிசையைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறிவிட்டது.

"எதை எடுத்த?"

"கிட்ட இருந்ததைத்தான் அக்கா." ஷோயிராவுக்கு மூச்சு வாங்கியது. "ஏன்? நீ கடிச்சதுதானே அது?"

"கிட்ட இருந்தது எதுடி?"

ஷோயிரா அவள் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். பிறகு ரொம்ப நிச்சயமான குரலில் சொன்னாள்: "உன்னுது இதுதான். பார்த்துதான் எடுத்தேன்."

"எதை வச்சுப் பார்த்த?"

ஷோயிரா அழுதுகொண்டே கையைப் பிடிக்க வந்தாள். சனோபர் விடுவித்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். ரொட்டியை உதட்டருகே கொண்டுபோய், அழுத்தாமல், கடித்த வடுவின்மேல் பல்லை வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. மற்றதும் பொருந்தியிருக்கும். சட்டென்று எடுத்துவிட்டாள். இது அவனுடையதாக இருந்தால், இன்னொருவர் வாய் இதில் பட்டுவிட்டதே!

தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். படங்களுக்கான இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்டிருக்காது.

பிற்பகலில் உள்நாட்டுக் கூட்டம் ஒன்று வந்தது, ஜிஸாக் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியைகள். அதற்குள் ரொட்டி பழைய ஆணிக்கு ஏறியிருந்தது. அவர்களில் பருத்த ஒருத்தி படங்களை விட்டு நேராக இங்கே வந்து, நெஞ்சில் கையை வைத்து நின்றாள்.

"யாரு பிள்ளையோடது, அக்கா?"

ஷோயிரா தரையைப் பார்த்தாள்.

"என் பிள்ளையோடது" என்றாள் சனோபர்.

"எப்போ வர்றான்?"

சனோபர் எழுந்து, கலைந்திருந்த நூல் வலையைச் சரிசெய்யத் தொடங்கினாள்.