அப்பா சொல்ல மறுத்த எண்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். எங்கள் வயலில் விளையும் தூயமல்லி அரிசியை இணையத்தில் விற்கும் கடையும் என்னுடையதுதான். வெளியூர் போனால் மடிக்கணினி, சார்ஜர், பவர் பேங்க் எல்லாம் பையில் இருக்கும். கடை என்னோடு வருகிறது என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வேன்.

அன்று திருச்சிக்கு ரயிலில் போகும்போது, பூதலூர் ஸ்டேஷன் கூட்டத்தில் யாரோ என் செல்போனை உருவிவிட்டார்கள். கடைக் கணக்கு அதில் திறந்தே கிடந்தது. எடுத்தவன் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டால் கடையே போய்விடும். பக்கத்தில் இருந்த அக்காவிடம் ஹாட்ஸ்பாட் வாங்கி, மடிக்கணினியில் கடவுச்சொல்லை மாற்றப் பார்த்தேன். கணக்கு அப்பாவின் எண்ணில் பதிந்திருந்ததால் ஓடிபி அவர் போனுக்குப் போனது. சில நிமிடங்கள்தான் அது செல்லும். அக்காவின் போனிலேயே அப்பாவை அழைத்தேன்.

"அப்பா, நாந்தான். இப்ப மெசேஜ்ல வந்த நம்பரைச் சொல்லுங்க."

"யாருங்க நீங்க? அதை யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு எம் பொண்ணு சொல்லியிருக்கு."

"என் குரல் தெரியலையாப்பா?"

"குரலையே காப்பி அடிக்கிறாங்களாம். அதையும் அதுதான் சொல்லுச்சு."

கடை கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

"ஈர நெல்லை மூட்டை கட்டாதீங்கன்னு காலையில உங்ககிட்ட அந்தக் கத்து கத்துனேனே!"



"ஆமா, கத்துனது நீதான்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். கடவுச்சொல் மாறியது. திருட்டுப் போன போனில் கணக்கு மூடிக்கொண்டது.

நான் மூச்சு விடுவதற்குள் மறுபடியும் அப்பாவின் குரல்: "அம்மாடி, இந்த நம்பரை வேற யாருக்கும் சொல்லிடாத."