எடு என்ற பொத்தான்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருப்பூர், பெங்களூர், புனே என்று பழைய கம்ப்யூட்டர் பிரிக்கும் கடைகளில் தரையில் படுத்து வேலை கற்றேன். பிறகு காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை பிடித்து, முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்களுக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்தேன். இலவசமாகக் கிடைத்த ஒன்றை அடியில் வைத்து, ஆளைக் குழப்புகிறதையெல்லாம் கழித்துக்கொண்டே வந்தேன். அழித்ததைக் கொஞ்ச நாள் பத்திரமாக வைத்திருக்கும் குப்பைத்தொட்டியையும் கழித்தேன். வேண்டாததை ஒருமுறை அழித்தால் போதாதா? 'நீக்கு' என்ற புத்தகச் சொல்லும் பிடிக்கவில்லை. "அதை அங்கிட்டு இருந்து எடுத்துரு" என்றுதானே ஊரில் சொல்கிறோம். அழிக்கும் பொத்தானில் 'எடு' என்று போட்டேன்.

அதைப் போட்ட கம்ப்யூட்டரை முதலில் வாங்கியவர் அமராவதிபுதூரில் தையல் தைக்கும் ஓர் அக்கா. கணவர் சவூதிக்கு வேலைக்குப் போய் அங்கேயே இறந்தார், அடக்கமும் அங்கேதான். அவர் அனுப்பிய குரல் பதிவுகள் அக்காவின் பழைய போனில் இருந்தன. நான்தான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்து, "இனிப் பயமில்லக்கா" என்றேன்.

நாலாம் நாள் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"தம்பி, அவுக பேச மாட்டேங்கிறாக."

"என்னக்கா செஞ்சீக?"

"நீங்க போட்டிருந்ததத்தான் அமுக்குனேன். எடுன்னு. பீரோவுல இருந்து எடுத்துக் குடுக்கிற மாதிரி குடுக்கும்னு நெனச்சேன். ஒண்ணு காணாமப் போச்சு. சரி, அடுத்ததாச்சும் பேசும்னு எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"பழைய போனு?"

"நீங்கதான் பயமில்லன்னீகளே. வாசல்ல வந்தவன்கிட்ட குடுத்துப் பிளாஸ்டிக் வாளி வாங்கிட்டேன்."

அழிந்ததை மீட்க இரண்டு நாள் அதிலேயே கிடந்தேன். அழித்த இடம் உடனே காலியாக வேண்டும் என்று சிஸ்டத்தில் நானே எழுதி வைத்திருந்தேன். ஒரு துண்டு மட்டும் மீண்டது. அக்காவை வரச்சொல்லி ஓடவிட்டேன்.

"ஹலோ... கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் இரைச்சல்.

அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, திரைக்குக் கொஞ்சம் கிட்டே குனிந்தார். "கேக்குதுங்க" என்றார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு முறை போடட்டுமா என்று கேட்டேன். எந்தப் பொத்தானையும் அவர் தொடவில்லை.

இப்போது குப்பைத்தொட்டி இருக்கிறது. 'எடு' இல்லை. ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் கொடுக்கும்போது மைக்கையும் ஸ்பீக்கரையும் சோதித்தாக வேண்டும். வாங்க வந்தவர் ஏதாவது பேசிப் பதிந்து, அதை ஓடவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்பார்: "கேக்குதா?"

திரைக்குக் கொஞ்சம் கிட்டே குனிந்து, "கேக்குதுங்க" என்பேன்.